ஹாப்கின்ஸின் கீழ்ப்படிதல்

ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸைப் பற்றி நம் நண்பர்களுக்குள் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒரு கவிஞன் இருந்தான். சர்ச் அவனை விழுங்கிவிட்டது. 1868-இல் தன் கவிதைகளை எரித்தான். ஏசு சபையில் சேர்ந்தான். ஏழு வருஷம் ஏறக்குறைய மௌனம். 1889-இல் நாற்பத்து நான்கு வயதில் டப்ளினில் டைபாய்டில் செத்தான். எழுதியது புத்தகமாக வெளிவர 1918 ஆயிற்று. சொல்கிறவர் குரலில் ஒரு திருப்தியும் கேட்கும். ஸ்தாபனம் கலைஞனைக் கொல்லும் என்ற நமது சித்தாந்தத்துக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது? மறு தரப்பில் பக்தர்கள். அவர்களுக்கு இதே கதை தாழ்மைக்கு உதாரணம். கீழ்ப்படிந்தார், ஆகவே கடவுள் கவிதையைத் திருப்பிக் கொடுத்தார். கீழ்ப்படிதல் என்றால் என்ன என்பது தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று இரு தரப்பாரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை. அவருடைய கடிதங்களைப் படிக்கப் படிக்க இன்னும் சிக்கலாகிறது.

முதலில் அந்த எரிப்பு. எரிக்கச் சொல்லி அவருக்கு யாரும் கட்டளையிடவில்லை. 1868 மே மாதத்தில் அவர் சபையில் சேர்ந்திருக்கவே இல்லை; ரோஹாம்ப்டனில் பயிற்சித் துறவியாக நுழைந்தது செப்டம்பரில்தான். மேலதிகாரி என்று ஒருவர் வருவதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில், கவிதைகளை எரித்துவிட்ட செய்தியோடு இன்னொன்றும் சொல்கிறார்: பிரிட்ஜஸிடம் ஏற்கெனவே இருக்கும் சிலவற்றுக்குத் திருத்திய பிரதிகள் வைத்திருக்கிறாராம், நண்பரிடம் இருப்பது கடைசி வடிவமாக இருக்கட்டும் என்று அவற்றை அனுப்பிவைப்பாராம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பலி கொடுக்கிறவர் புரூஃபும் பார்க்கிறார். இதைக் கபடம் என்று சொல்லமாட்டேன். தாழ்மை என்றும் சொல்ல முடியவில்லை. யாரும் கேட்காத பலியைத் தானே தீர்மானித்துத் தானே நிறைவேற்றுவதில் ஓர் இளைஞனின் அகங்காரம் இருக்கிறது. (இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்து, அந்த அறிவிப்பையே தன் சிறந்த படைப்பாக்கிவிட்டவர்கள் நம்மிடையேயும் உண்டு.)

1875 டிசம்பரில் டாய்ச்லாந்து என்ற கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அருகே மணல் திட்டில் மோதியது. இறந்தவர்களில் ஐந்து பேர் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள். ஃபால்க் சட்டங்களால் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள். வேல்ஸில் செயின்ட் பியூனோஸ் கல்லூரியில் இறையியல் படித்துக்கொண்டிருந்த ஹாப்கின்ஸ் செய்தியைப் படித்துக் கலங்கிப்போனார். ரெக்டரிடம் சொன்னபோது, யாராவது இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினால் தேவலை என்றார் ரெக்டர். அவ்வளவுதான். இது கட்டளையே அல்ல. சொன்னவர் சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கக்கூடிய பேச்சு. ஆனால் ஹாப்கின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்து பாடல் கொண்ட ஒரு நெடுங்கவிதையை எழுதினார். 1878-இல் கேனன் டிக்ஸனுக்கு இதை விவரிக்கையில், புதிய சந்தம் ஒன்று வெகுநாளாகத் தன் காதைச் சுற்றிக்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொல்கிறார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் காது. கீழ்ப்படிதல் என்பது தமிழ் வேதாகமம் நமக்குப் பழக்கிய சொல். கீழே படிவது, வண்டல் படிவதைப் போல. ஆனால் வீட்டில் நாம் பேசுவது வேறு மாதிரி: பையன் சொன்ன பேச்சுக் கேட்கிறானா? லத்தீனிலும் கீழ்ப்படிதலுக்கான சொல் கேட்டல் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். ரெக்டரின் வாய்ப்பேச்சும் காதிலிருந்த சந்தமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அந்த ஏழு வருஷமும் வாய் அடைத்திருந்ததே தவிர, செவி அடைத்திருக்கவில்லை. நாட்குறிப்புகளில் மேகத்தையும் நீரோட்டத்தையும் மர இலையையும் அவர் எப்படிக் கவனித்து எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் இது விளங்கும்.

கவிதையைச் சபையின் பத்திரிகையான 'தி மன்த்' முதலில் ஏற்றுக்கொள்வதுபோல் இருந்து பிறகு திருப்பிவிட்டது. புரியவில்லை என்பதுதான் காரணம். பக்திக்கு விரோதம் என்பதல்ல. நம் பத்திரிகைகள் புதுக்கவிதையைத் திருப்பியதும் இப்படித்தானே. ஏசு சபை கவிதைக்கே எதிரி என்று தமிழில் இருந்துகொண்டு சொல்வதும் வேடிக்கை. அதே வார்த்தைப்பாட்டை எடுத்துக்கொண்ட பெஸ்கி இங்கே 1726-இல் 3615 பாடல்களில் தேம்பாவணி செய்தார். அதன் நாயகன் சூசை. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், சொன்னதைச் செய்துகொண்டு போகிறவர். ஆக, ஸ்தாபனத்தின் மேல் பழி போட்டுவிட்டு நாம் எளிதில் தப்பிக்க முடியாது.

1879-இல் டிக்ஸன் நல்லெண்ணத்தில், ஹாப்கின்ஸின் இன்னொரு கப்பல் கவிதையைக் கார்லைல் நகரப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுக்க முன்வந்தார். ஹாப்கின்ஸ் பதறித் தடுத்தார். அனுமதியில்லாமல் அச்சேறினால் மேலதிகாரிகளை மீறியதாகும். பிரிட்ஜஸ், டிக்ஸன், பின்னாளில் பட்மோர் — ஏறக்குறைய இந்த மூன்று பேர்தான் அவருடைய வாசகர்கள். நம்மைப் போன்றவர்கள் இதில் உடனே நம் முகத்தைப் பார்த்துவிடும் அபாயம் உண்டு. நமக்கு வாசகர் குறைவு என்பதில் நாம் கொள்ளும் பெருமையும் அவர் ஏற்றுக்கொண்ட மறைவும் ஒன்றல்ல.

உண்மையான சோதனை 1884-இல் டப்ளினில் வந்தது. இம்முறை நிஜமான கட்டளை. பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கப் பேராசிரியர் வேலை. கூடவே விடைத்தாள் திருத்தம். ஒரு கடிதத்தில் கையில் 557 தாள்கள் இருப்பதாக எண்ணிச் சொல்கிறார். கவிதையை நெருப்பில் போடுவதில் ஒரு நாடகம் இருக்கிறது. ஐந்நூற்று ஐம்பத்தேழு தாள்களில் எந்த நாடகமும் இல்லை. ஏசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் 1553-இல் போர்ச்சுகல் துறவிகளுக்கு எழுதிய கடிதத்தில் கீழ்ப்படிதலுக்கு மூன்று படிகள் சொல்கிறார்: செயலால் பணிவது, விருப்பத்தால் பணிவது, கடைசியில் அறிவாலும் பணிவது, அதாவது மேலதிகாரியின் தீர்ப்பையே தன் தீர்ப்பாக்கிக்கொள்வது. ஹாப்கின்ஸ் முதலிரண்டு படிகளை ஏறிவிட்டார் என்று நம்புகிறேன். மூன்றாவதில் கால் வைக்க முடியவில்லை. அயர்லாந்துத் திருச்சபை ஆதரித்த அரசியலை அவர் நியாயமென்று கருதவில்லை. தன் உழைப்பும் அதற்கே பயன்படுகிறதே என்று 1889 ஜனவரித் தியானக் குறிப்புகளில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தாள்களைத் திருத்துவதை நிறுத்தவில்லை. சரி என்று தன்னை நம்பவைத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த இடைவெளியில்தான் 1885-இன் இருண்ட சானெட்டுகள் நிற்கின்றன. அவற்றைப் பக்தியின் தோல்வி என்று படிப்பவர்களும், கலகம் என்று படிப்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். அவர் யாரையும் எதிர்த்து எழுதவில்லை. தான் பணிந்துபோவது பொய்யாகிவிடக் கூடாது என்று எழுதினார். முணுமுணுக்காத கீழ்ப்படிதல் எனக்கு எப்போதும் சந்தேகத்தைத்தான் தருகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரிட்ஜஸுக்கு எழுதுகையில், அவற்றில் நான்கு, அழைக்காமலும் தன் விருப்பத்துக்கு விரோதமாகவும் வந்தவை என்கிறார். விருப்பத்தைத் துறப்பதாக வார்த்தைப்பாடு கொடுத்தவர் பேசும் பேச்சு இது. இங்கே அவர் யார் சொல்லைக் கேட்டார் என்ற கேள்விக்கு ரெக்டரின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது.

1918 பதிப்பு 750 பிரதிகள்; இரண்டாவது பதிப்பு வந்தது 1930-இல். கத்தோலிக்க சமயம் பிடிக்காத பிரிட்ஜஸ்தான் அத்தனை தாள்களையும் கட்டிக் காத்தவர். ஆனால் அந்தச் சானெட்டுகளை அனுப்புவதாகக் கடிதத்தில் சொன்ன ஹாப்கின்ஸ் அவற்றை அவருக்கு அனுப்பவில்லை. இறந்தபின் காகிதங்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். இருபது வயதுகளில், நெருப்பு அணைந்த கையோடு, திருத்திய பிரதிகளைத் தபாலில் சேர்க்க நினைத்த அதே மனிதர்.