முதுமைக் காதலும் தமிழ் நாடக மேடையும்

காதல் என்னும் பொருளைத் தமிழ் நாடக மேடை பெரும்பாலும் இளமையோடு மட்டுமே பிணைத்து வந்துள்ளது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என ஊர்தோறும் விடிய விடிய ஆடப்பெற்ற நாடகங்களிலெல்லாம் தலைவனும் தலைவியும் இளையோரே. முதியோர் மேடையேறினால் வாழ்த்துக் கூற வருவர். இன்றேல் நகைப்பூட்ட வருவர். முருகப்பெருமான் கிழவேடம் பூண்டு வள்ளிமுன் தள்ளாடி நிற்கும் காட்சியை மக்கள் எத்துணை மகிழ்ச்சியோடு கண்டுவந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. அங்கு முதுமை என்பது களைதற்குரிய வேடம். வேடம் களைந்த பின்னரே காதல் தொடங்குகின்றது.

தமிழ் இலக்கண மரபோ இவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியர் கற்பியலில், காமம் நுகர்ந்து நிறைந்த கடைக்காலத்திலே தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ அறம் பயின்று வாழ்தலை, கழிந்த இல்வாழ்க்கையின் பயனாகவே வைத்து ஓதினார். பாரதிதாசனும் குடும்ப விளக்கு என்னும் நூலை ஐந்து பகுதிகளாக வகுத்து, இறுதிப் பகுதிக்கு ‘முதியோர் காதல்’ எனப் பெயரிட்டார். இலக்கணமும் கவிதையும் ஏற்றுக்கொண்ட ஒரு பொருளை மேடை எவ்வாறு கையாண்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இப்பொருளுக்கு மிக ஏற்ற நாடகக் கரு பெரியபுராணத்திலேயே உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய திருநீலகண்ட நாயனார் வரலாறே அது. தில்லையிலே வேட்கோவர் குலத்திலே தோன்றி, அடியார்க்குத் திருவோடு அளித்து வாழ்ந்தவர் அவர். ‘திருநீலகண்டம்’ என்று இடையறாது ஓதிய அந்தச் சொல்லே அவர்க்குப் பெயராயிற்று. அவர் ஒருநாள் பரத்தையில்லம் சென்று மீண்டபோது, மனைவியார் ஊடி, தம்மைத் தீண்டலாகாது என அத்திருநீலகண்டத்தின்மேலேயே ஆணையிட்டார். தன்மைப் பன்மையில் அவர் கூறிய சொல்லைக் கணவர் முற்றப் பொருள்கொண்டு, மனையாளை மட்டுமன்றி மற்றெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என உறுதிபூண்டார். இருவரும் ஒரே சிறிய மனையில், அயலார் அறியாவகை வாழ்ந்து முதுமை எய்தினர்.

நாடக நோக்கிற் காணின் இக்கதையின் சிறப்புப் புலனாகும். பிரிவு என்றால் பொருள்வயிற் பிரிவு, போர்வயிற் பிரிவு என ஊர்களையும் காடுகளையும் இடையிட்ட பிரிவுகளையே இலக்கியம் மிகுதியும் பேசுகின்றது. இங்கோ பிரிவின் அகலம் ஒரு முழங்கூட இல்லை. சோறிடும் கைக்கும் அதனை ஏற்கும் கைக்கும் இடையே உள்ள வெளிதான் இந்நாடகத்தின் களம். கணவர் நாள்தோறும் வாய்விட்டு ஓதிய திருப்பெயரே மனைவியார் இட்ட ஆணையின் சொல்லுமாதலின், அவர் வழிபட வாய் திறக்குந்தோறும் அவ்வாணையும் உடன் ஒலிக்கின்றது. ஒரு சொல்லிலேயே பத்தியையும் குற்றவுணர்வையும் காதலையும் ஒருங்கு அடக்கிய இவ்வமைப்பிற்கு இணை காண்டல் அரிது.

சிவபெருமான் சிவயோகியாராய் வந்து அடைக்கலமாகத் தந்த ஓட்டினை மறையச்செய்து, பின் அதனைக் கேட்டு வழக்கிடுகின்றார். மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்பது அவர் விதித்த நிபந்தனை. தில்லைவாழந்தணர் அவையும் அதனையே தீர்ப்பாகக் கூறுகின்றது. மூங்கிற் கோலொன்றின் இரு முனைகளையும் பற்றி முதியவர் இருவரும் திருப்புலீச்சரத்துக் குளத்தில் இறங்குகின்றனர். கைப்பற்றியே மூழ்கவேண்டும் என யோகியார் வற்புறுத்த, அதுகாறும் மறைத்த வரலாற்றை யாவரும் கேட்க எடுத்துரைத்து நாயனார் மூழ்குகின்றார். எழும்போது இருவரும் இளமை பெற்று எழுகின்றனர். அத்தலத்து இறைவர்க்கு இளமையாக்கினார் என்னும் பெயர் அதனால் வழங்கலாயிற்று.

இவ்விடத்தே ஒரு தடை எழும். முதுமைக் காதலைப் போற்றும் கதை, இறுதியில் இளமையைப் பரிசாக வழங்குவது முரண் அன்றோ? முதுமை தன்னளவில் நிறைவுடையதாயின் அதனை மாற்றுதல் எற்றுக்கு? உரோமக் கவிஞர் ஓவிட் தம் நூலின் எட்டாம் பகுதியிற் கூறும் பிலேமோன், பாவ்கிஸ் என்னும் முதிய இணையரின் கதையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அங்கும் தேவர்கள் மாற்றுருவில் ஏழையில்லத்துக்கு விருந்தினராய் வருகின்றனர். வரம் கேட்குமாறு கூறியபோது, ஒருவர் சாவை மற்றவர் காணாது ஒரே பொழுதில் இறக்கவேண்டும் என்பதையே அம்முதியோர் வேண்டினர். பின்னர் இரு மரங்களாய் அருகருகே நின்றனர். இளமையை அவர் கேட்கவில்லை. மேற்போக்காக நோக்குவார்க்கு ஓவிட் கதையே முதுமைக்கு மிக்க மதிப்பளிப்பதாகத் தோன்றும்.

ஆயின் கதையின் உச்சம் எங்கு உளது என நோக்குதல் வேண்டும். பிலேமோனும் பாவ்கிஸும் தம்முள் யாதொரு பிழையும் இல்லாதவர். தில்லைக் குயவர் பிழைசெய்தவர்; மனைவியார் அதனை மறவாதவர். இருவரும் நரைத்த தலையோடு, ஊரார் கூடிய கரையிலே, ஒரு கோலின் இரு முனைகளைப் பற்றி நிற்கும்போதே உண்மை வெளிப்படுகின்றது. தம் மானத்தைக் காப்பதற்கன்றி, ஒருவர்க்கொருவர் தந்த சொல்லைக் காப்பதற்காகவே அதுவரை அவர்கள் வாய்மூடியிருந்தனர். அம்மூதாளர் வாய்திறந்த அந்நொடியிலேயே நாடகம் முற்றுப்பெற்றுவிட்டது. இளமை அதன் பின்னர் வருவது. அது காதலின் காரணம் அன்று, இறைவன் இட்ட முத்திரை. இவ்வரலாறு 1939ஆம் ஆண்டில் எம். கே. தியாகராச பாகவதர் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. இதனை மேடையேற்றுவோர் இளமை பெறும் அற்புதக் காட்சியிலே ஒளியும் புகையும் பெருக்கி, கோலினைப் பற்றி நிற்கும் காட்சியை விரைந்து கடத்துவராயின், கதையின் உயிரை விட்டு உடலை அணிசெய்தவராவர்.

அற்புதம் எதுவும் இன்றி இதே பொருளை எடுத்துக்கொண்டது சுந்தரம் எழுதி, 1965இல் சிவாஜி நாடக மன்றத்தாரால் மேடையேறிய ‘வியட்நாம் வீடு’. பின்னர் அது 1970இல் திரைப்படமாயிற்று. மதிப்பும் மிடுக்கும் உடைய அலுவலர் பத்மநாபன் ஓய்வு பெற்றதும் வீட்டிலே தம் சொல் செல்லாமை கண்டு துயருறுவதும், மக்கள் விலகிய போதும் மனைவி சாவித்திரி விலகாது நிற்பதுமே கதை. அக்காலத்து வியட்நாமைப் போல ஓயாத போர் நிகழும் வீடு என்பது தலைப்பின் பொருள். நாற்பது வயதும் நிரம்பாத சிவாஜி கணேசன் அம்முதியவராக நடித்தார். இழந்த மதிப்பு மீளும் வேளையில் இறப்பும் வந்துவிடுகின்றது. காலங்கடந்து வந்த நன்மையைக் காட்டுமிடத்து இந்நாடகம் உண்மையான அவலச்சுவையை எட்டுகின்றது.

எனினும் ஒரு குறை உண்டு. முதுமை அங்கே கணவனுக்கே உரிய நிகழ்ச்சியாக அமைந்துவிட்டது. சாவித்திரியும் அதே ஆண்டுகளைக் கடந்தவள். அவளுக்கும் உடல் தளரும், உள்ளத்தில் மனக்குறை இருக்கும். ஆயின் அவள் தாங்குவோளாகவே நிற்கின்றாள்; அவளைத் தாங்குவார் எவரும் இல்லை. பெரியபுராணத்தில் குயவர் மனைவியார்க்குப் பெயர்தானும் கூறப்படவில்லை. ஆனால் கதையை இயக்கும் சொல் அவர் சொல். கோலின் ஒரு முனை அவர் கையில். இவ்வகையில் எட்டு நூற்றாண்டுக்கு முற்பட்ட காப்பியம், புதிய நாடகத்தினும் ஒருபடி முன்னிற்கின்றது.

ஈழத்து மேடையும் இப்பொருளை அறியாததன்று. குழந்தை ம. சண்முகலிங்கம் 1990களில் படைத்த ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் கடல் கடந்து செல்ல, தாயகத்தில் தனித்துவிடப்பட்ட பெற்றோரின் நிலையை மேடைக்குக் கொணர்ந்தது. அது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கை மக்களில் 12.4 விழுக்காட்டினர் அறுபது வயதை எட்டியோர். சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்திலும், இளையோர் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, முதிய இணையர் தனித்து அடுப்பெரிக்கும் வீடுகள் உள. அவர்தம் வாழ்வை அவரே காணுமாறு மேடையேற்றுவது யார் கடன்?

இக்கரையோரம் நாடகத்துக்குப் புதியதன்று. உடப்பிலே திரௌபதையம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் பாரதக் கதை இன்றும் சடங்கும் நிகழ்த்துகையுமாய் வாழ்கின்றது. சிலாபப் பகுதிக் கத்தோலிக்க ஊர்கள் நாட்டுக்கூத்தைப் பேணி வந்தன. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல் உடப்பின் தனிச்செல்வம். கரைவலையின் முறையும் ஈண்டு நினையத்தக்கது. இரு கயிறுகளை இரு குழுவினர் தொலைவில் நின்று இழுக்கத் தொடங்குவர். வலை கரையை நெருங்க நெருங்க அவ்விரு குழுவினரும் ஒருவரையொருவர் அணுகி வருவர். நீரில் உள்ள வலையே அவர்களை ஒன்றுசேர்ப்பது. மூங்கிற் கோலின் இரு முனைகளில் நின்ற முதியோரின் நிலையை இவ்வூர் மக்களுக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

ஆதலின் பாடசாலை நாடகங்களுக்குக் கதை தேர்வோர், அரசவைகளையும் போர்க்களங்களையும் ஓராண்டேனும் விடுத்துத் திருநீலகண்டரை எடுப்பது தகும். திரையும் புகையும் வேண்டா. ஒரு சக்கரம், சில மண்ணோடுகள், ஒரு கோல் போதும். ஒட்டுத்தாடி புனைந்த சிறுவரை விடுத்து, ஊரிலுள்ள முதியோரையே அவ்விரு பாத்திரங்களிலும் நிறுத்துதல் இன்னும் தகும். நரை உண்மையாக இருப்பின், குளத்திலிருந்து எழும் இளமையை அவையோர் தம் மனத்திற் கண்டுகொள்வர்.