பஸ்ஸில் போய்ப் பறவை பார்த்தல்

இலங்கைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் இரண்டு விதம். ஒரு சாரார் வந்திறங்கும்போதே வாகனம், சாரதி, வழிகாட்டி எல்லாம் விமான நிலைய வாசலில் தயாராக நிற்கும். இரண்டு வாரத்தில் தீவுக்கே உரிய பறவைகள் அத்தனையையும் பார்த்து, பட்டியலில் குறியிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறு சாரார் முதுகுப்பையோடும் பைனாகுலரோடும் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் தொற்றிக்கொள்வார்கள்; பகலில் சோற்றுப் பார்சல், இரவில் யாரோ ஒருவர் வீட்டின் பின்னறை. இந்தப் பின்னவர்களை மெச்சுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காசைக் கொட்டாதவனுக்குத்தான் காடு தன்னைக் காட்டும் என்று ஒரு நினைப்பு. அதில் பாதி சரி.

சரியான பாதியை வறண்ட வலயத்தின் குளக்கட்டுகளில் பார்க்கலாம். யால, வில்பத்து, பூந்தல ஆகிய தேசியப் பூங்காக்களுக்குள் கால்நடையாகப் போக முடியாது. ஜீப் பிடித்தாக வேண்டும். உள்ளூர்க்காரருக்கு நுழைவுச்சீட்டு சொற்பம்தான், ஆனால் ஜீப் வாடகையில் உள்ளூர், வெளியூர் என்ற தயவு அதிகம் கிடைக்காது. அந்த வாடகையைக் கொடுத்து யாலவுக்குள் போனாலும், சாரதியின் கைபேசி அடித்து எங்கோ சிறுத்தை நிற்கிறது என்று தகவல் வந்தால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பஞ்சுருட்டான் அத்தோடு போயிற்று. பறவை பார்ப்பவர் யாரும் அந்த ஜீப்பில் நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பஸ்ஸில் வந்தவரோ திஸ்ஸமகாராமவில் இறங்கி வாவிக் கட்டுக்கு நடக்கிறார். அங்கே சீட்டும் இல்லை, கதவடைக்கும் நேரமும் இல்லை. நீலத் தாழைக்கோழி நாணல் தண்டை ஒரு காலால் பற்றி, வாய்க்குக் கொண்டுபோய், உரித்துத் தின்பதை முழுதாகப் பார்க்க அரை மணி நேரம் பிடிக்கும். நீளவால் இலைக்கோழி தாமரை இலை அமிழுமுன் அடுத்த இலைக்குக் கால் மாற்றுவதைப் பார்க்கவும் அவசரப்படாத கண் வேண்டும். வயலும் குளமும் கால்நடையும் சேர்ந்த இந்த நிலம் முழுவதும் பறவை நிலம்தான். பூங்கா அதில் ஒரு துண்டு.

வடக்கே இது இன்னும் தெளிவு. மன்னார்த் தீவுக்குப் போகும் கடல் தாம்போதியில் பஸ் ஊரும்போது, இரு பக்கமும் சேற்றுத் திட்டுகள். அதை ஒட்டிய வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியா வழியாகத் தெற்கே இறங்கும் பறவைகளுக்கு இலங்கைதான் கிட்டத்தட்டக் கடைசித் தரிப்பிடம். இதற்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை நிலம் இல்லை. குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டத்தை பஸ் யன்னலிலிருந்தே பார்க்கலாம். போரில் 1990இல் அறுந்துபோன தலைமன்னார் ரயில் 2015இல் திரும்பி ஓடத் தொடங்கியதிலிருந்து, கொழும்பிலிருந்து வருபவருக்கும் இது எட்டாத இடம் அல்ல.

நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பூக்கள் உள்ள பகுதியை விட்டு, பின்புறம் ஊரின் அழுக்கைச் சுமந்து ஓடும் ஓடைப் பக்கம் போக வேண்டும். அந்த நாற்றத்தில்தான் சருகைப் புரட்டும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி இமயமலைச் சாரலிலிருந்து வந்து பனிக்காலத்தைக் கழிக்கிறது. காஷ்மீரில் கூடு கட்டும் சிவந்த மார்பு ஈப்பிடிப்பானும் அங்கேதான். பொழுது சாயும்போது ஆறுமணிக்குருவியின் குரல் புதருக்குள்ளிருந்து வரும். சுற்றுலாக் குழுவுக்கு இந்த இடத்தில் ஒரு மணி நேரம். அதற்குள் பூங்குருவி வெளியே வராவிட்டால் குழுத் தலைவருக்கு வியர்த்துவிடும். மலிவு அறையில் தங்கியவர் நாளைக்கும் வருவார், மறுநாளும் வருவார். காசை மிச்சம் பிடித்ததன் பலன் இது என்பதைவிட, நேரத்தைத் தாராளமாகச் செலவழித்ததன் பலன் என்பேன். பணமும் நேரமும் இருப்பவருக்கும் இது கிடைக்கும். காசில்லாதவருக்குப் பெரும்பாலும் நேரமாவது இருப்பதால், இரண்டையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

இந்தக் குழப்பம் ஈரவலயத்துக்குப் போனதும் அம்பலமாகிறது. இலங்கைக்கே உரிய பறவைகள் சுமார் 34. வகைப்பாட்டாளரைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். இவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கின் மழைக்காடுகளிலும் மத்திய மலைகளிலும் வாழ்பவை. பட்டியல் ஆசை உள்ள எவரும் கடைசியில் சிங்கராஜாவுக்கு வந்துதான் ஆக வேண்டும். இரத்தினபுரியிலிருந்து கலவான, அங்கிருந்து வெத்தாகல, பிறகு ஓட்டோ பிடித்துக் குடாவ.

சிங்கராஜாவின் நடைபாதையே ஒரு பழைய வெட்டுக்காயம். எழுபதுகளில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரம் இழுக்கப் போட்ட தெரு அது. எதிர்ப்புக் கிளம்பி 1977இல் வெட்டு நின்றது, 1988இல் காடு உலக மரபுரிமை ஆனது. அந்தத் தெருவில் ஒரு மணி நேரம் நடந்தாலும் அட்டையைத் தவிர வேறெதுவும் உங்களிடம் வராமல் இருக்கலாம். திடீரென்று செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் கலகலப்பு, கூடவே கொண்டைக் கரிச்சானின் பல குரல் வித்தை. அவற்றின் பின்னால் ஒரு கலப்புக் கூட்டமே நகர்ந்து வருகிறது: கீழே சாம்பல் தலைச் சிரிப்பான்கள், நடுக்கிளைகளில் சிறு பூச்சியுண்ணிகள், உச்சியில் செம்முகப் பூங்குயில். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரிவில் இறங்கிவிடும். கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எந்த வளைவில் போய் நிற்க வேண்டும் என்பது அந்தக் காட்டோரக் கிராமத்து வழிகாட்டிக்குத் தெரியும். உங்கள் கைபேசிக்குத் தெரியாது.

செரண்டிப் ஆந்தையின் கதை இதைவிடக் கறாரானது. பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட 1995இல் கித்துள்கலவில் இனந்தெரியாத ஒரு குரலைக் கேட்டார். 2001இல்தான் சிங்கராஜாவில் பறவையை நேரில் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதுப் பறவை. நன்கு பழகிய காதுக்கே ஆறு ஆண்டு தண்ணி காட்டியது. இன்று பயணிகள் அதைப் பகலிலேயே பார்க்கிறார்கள். எப்படி? வழிகாட்டி முன்னதாகவே பிரம்புப் புதருக்குள் இறங்கி, தாழ்ந்த கொப்புகளில் அது உறங்கும் பழைய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, கிடைத்தால் மேலே வந்து அழைத்துப் போகிறார். பயணி பார்ப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவா என்று பேரம் தொடங்குவதும் அங்கேதான். அறையிலும் சாப்பாட்டிலும் மிச்சம் பிடித்துப் பழகிய கை, இங்கேயும் அதே பழக்கத்தில் நீள்கிறது. ஆனால் பஸ் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தால் அசௌகரியம் உங்களுக்கு; வழிகாட்டியின் கூலியில் மிச்சம் பிடித்தால் அது அவர் வீட்டு அடுப்பில் தெரியும்.

கூலியே கொடுக்காமல் அவர் உழைப்பை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஒருவர் போட்ட புள்ளியைப் பார்த்து அடுத்தவர் நேராக அதே மரத்தடிக்குப் போகிறார். அந்தப் புள்ளி பெரும்பாலும் யாரோ ஒரு வழிகாட்டி காட்டிக் கொடுத்த இடம். அரிய பறவைகளின் துல்லிய இடத்தை இபேர்டே மறைப்பதுண்டு; ஆனால் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அப்படி ஒரு கூச்சம் கிடையாது. வழிகாட்டி கட்டாயமாகாத கித்துள்கல போன்ற இடங்களில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது, பறவையோ வரவில்லை என்றால், கைபேசியில் அதன் குரலைப் போடுகிறார்கள். எல்லைக்குள் அந்நியன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு அது பறந்து வருகிறது. ஒருமுறை என்றால் பெரிதாகக் கெட்டுவிடாது. பருவம் முழுவதும், தினமும், அதே வளைவில் என்றால்?

இதை மலிவுப் பயணிகளின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. வசதியான குழுக்களின் வழிகாட்டிகளும் குரலைப் போடுகிறார்கள், ஒலிபெருக்கி இன்னும் பெரிது. இரண்டு வாரத்தில் 34ஐயும் காட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர் வேறென்ன செய்வார்? ஆக, கோளாறு பர்ஸில் இல்லை, பட்டியலில். குறைந்த காசோடு சுற்றுபவர் பெரிய காசுக்காரரின் பட்டியலையும் காவிக்கொண்டு திரியும்போதுதான் சிக்கனத்தின் நல்ல பக்கம், அந்த மெதுவான பார்வை, அடிபட்டுப் போகிறது.

ஹோட்டன் சமவெளியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி விடியலின் முதல் வெளிச்சத்தில் நீரோரத்தில் சற்றே வெளிப்படும், பிறகு புதருக்குள் ஒதுங்கிவிடும். மலிவு வழி, ரயிலில் ஒஹியவுக்கு வந்து பதினோரு கிலோமீற்றர் ஏறி நடப்பது. அருமையான நடை; நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் மேலே வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும், உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்க்க வந்த கூட்டம் திரும்பிக்கொண்டிருக்கும், பூங்குருவி இராது. அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் நுவரெலியாவில் நாலு பேர் சேர்ந்து வான் பிடித்து இருட்டோடு கிளம்புவதே வழி.

வெளிநாட்டு முதுகுப்பைக்காரரின் நிரந்தரப் புலம்பல் நுழைவுக் கட்டணம் பற்றியது: தங்களுக்கு டாலரில், உள்ளூராருக்குச் சில்லறையில். அதில் எனக்கு அனுதாபம் குறைவு. சொந்தக் காட்டை ஒரு பள்ளிப் பிள்ளை பார்ப்பதற்கும் விருந்தாளி பார்ப்பதற்கும் ஒரே விலை இருக்கத் தேவையில்லை. எனக்குள்ள குறை வேறு. சீட்டுக்காசு அலுவலகத்துக்குப் போகிறது. கிராமத்துக்கு நேராகப் போய்ச் சேர்வது அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் வழிகாட்டியின் கூலியும்தான். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு வெளிநாட்டார் வரவு சரிந்தபோது, இந்தக் கிராமங்களின் கை வறண்டதற்குக் காரணம் அதுவே.

சிங்கராஜா அருகே ஒரு வீட்டுக்காரர் தோட்ட ஓரத்தில் தானியம் இறைக்கிறார். சிங்களத்தில் ஹபன் குகுளா எனப்படும், காட்டில் குரல் மட்டுமே கேட்கும் கூச்சமான பறவை விடியலில் அங்கே வந்து கொத்தும். மறைவில் உட்கார்ந்து பார்க்க ஒரு சிறு தொகை. காட்டுப் பறவைக்குத் தீனி போட்டுப் பழக்கலாமா என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் குரலைப் போட்டுப் பதறவைப்பதோடு ஒப்பிட்டால், பசிக்கு வந்து தின்றுவிட்டுப் போகும் பறவையே எனக்குச் சம்மதம். பக்கத்துக் காணிக்காரருக்கும் பற்றைக் காட்டை வெட்டாமல் விட ஒரு காரணம் கிடைக்கிறது.

யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவருக்குச் சிக்கனம் பயணப் பாணி அல்ல, வேறு வழியே இல்லை. அவர் அரியாலைச் சேற்றுவெளிக்குச் சைக்கிளில் போகலாம், பண்ணைத் தாம்போதியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கலாம், செலவு பிளேன்ரீக் காசுதான். அப்படிச் சேர்ந்த மிச்சத்தைக் கொண்டுபோய்க் குடாவவில் இரண்டு முழு நாள் ஒரு வழிகாட்டிக்குக் கேட்ட கூலியைக் கொடுப்பதுதான் என் கணக்கில் சரியான சிக்கனம். கூலியை நண்பர்களோடு பங்கு போடலாம், தப்பில்லை. ஆனால் நாலு பேருக்கு மேல் வேண்டாம்: அந்தப் பாதையில் ஐந்தாவதாக நடப்பவர் பார்ப்பது நாலாவது ஆளின் முதுகுப்பையைத்தான்.