பிழையும் வழக்கும்
ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலங் கற்கும் மாணாக்கர் எழுதும் கட்டுரைகளிலே ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்ட சொற்களை ஒருங்கு தொகுத்து நோக்கின், அவை யாவும் ஓரினத்தன அல்ல என்பது புலனாகும். 'செப்பரேற்' (பிரித்தல்) என்னுஞ் சொல்லின் நடுவே 'ஏ' நிற்கவேண்டிய இடத்தில் 'ஈ' என்னும் எழுத்தை நிறுத்துதல் ஒருவகை. 'கலர்' (நிறம்) என்னுஞ் சொல்லை 'யூ' இன்றி எழுதுதல் மற்றொருவகை. முன்னதை எந்நாட்டு அகராதியும் ஒப்புவதில்லை. பின்னதோ ஐக்கிய அமெரிக்காவிலே நூல்களும் செய்தித்தாள்களும் நீதிமன்றங்களும் ஆளும் நல்வழக்கு. இவ்விரண்டிற்கும் ஒரே கோட்டினை இட்டு ஒரே அளவிற் புள்ளி குறைத்தல் முறையாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலிற் பிழையென ஐயமின்றிச் சொல்லத்தக்கவற்றை நோக்குவோம். ஒலித்தவாறு எழுதப் பழகிய தமிழ் மாணவன், ஆங்கிலச் சொல்லையுஞ் செவியால் அளந்தே எழுதுகின்றான். செவியோ அவனைக் கைவிடுகின்றது. 'அக்கொமடேற்' (இடமளித்தல்) என்பதில் 'சீ' இரண்டு, 'எம்' இரண்டு. இதனை நெட்டுருச் செய்பவர் பலர். காரணம் அறிந்தவர் சிலர். இலத்தீனில் 'அட்' என்னும் முன்னொட்டும் 'கொம்' என்னும் முன்னொட்டும், அளவு எனப் பொருள்படும் 'மோடுஸ்' என்பதனடியாகப் பிறந்த சொல்லும் புணர்ந்தபோது, 'அட்' என்பதன் ஈற்றெழுத்து வருமெழுத்தாகிய 'சீ' ஆகத் திரிந்தது. 'கொம்' என்பதன் ஈற்று 'எம்' அப்படியே நின்றது. பொன், குடம் என்பன பொற்குடம் எனப் புணர்வதை அறிந்த நம் மாணாக்கருக்கு இது விளங்காப் பொருளன்று. 'செப்பரேற்' என்பதற்கும் 'பிறிப்பெயர்' (ஆயத்தஞ் செய்தல்) என்பதற்கும் 'பராரே' என்னும் இலத்தீன் வினையே அடி. ஆதலின் இரண்டிலும் 'பீ' என்பதன் பின் 'ஏ' வரும். இவ்வாறு சொற்பிறப்பைக் காட்டிக் கற்பிப்பின் பிழை பாதியாகக் குறையுமென்பது எம் துணிபு.

ஆயினும் சொற்பிறப்பும் எங்குந் துணைசெய்யாது. 'டெற்' (கடன்) என்பதில் ஒலியாத 'பீ' ஒன்று நிற்கின்றது. பிரெஞ்சுமொழி வழியாக ஆங்கிலம் புகுந்தபோது இச்சொல்லில் அவ்வெழுத்து இருந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டுப் புலவர்கள் இலத்தீன் மூலத்தை நினைவூட்டுவான் வேண்டி அதனைச் செருகினர். 'ஐலண்ட்' (தீவு) என்பதன் கதை இதனினும் வேடிக்கையானது. அது பழைய ஆங்கிலச் சொல். இலத்தீன் 'இன்சுலா' என்பதன் வழிவந்த 'ஐல்' என்னும் வேறொரு சொல்லோடு அதற்கு இல்லாத உறவைக் கற்பித்து 'எஸ்' என்னும் எழுத்தை நுழைத்துவிட்டனர். கற்றோர் செய்த பிழை வழக்காகிவிட்டது. அதனை விட்டெழுதுஞ் சிறுவன் இன்று பிழை செய்தவனாகின்றான்!

இனி வழக்கு வேற்றுமைக்கு வருவோம். பிரித்தானிய எழுத்துக்கூட்டலுக்கு அரணாக எடுத்துக்காட்டப்படுவது சாமுவேல் ஜோன்சன் 1755ஆம் ஆண்டு இரு பெருந் தொகுதிகளாக வெளியிட்ட அகராதி. நாற்பத்தீராயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை ஒருவர் தலைமையில் தொகுத்த அப்பணியின் பெருமையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் எழுத்துக்கூட்டலில் அது சீருடையதா? 'மேட்டுவழி' எனப் பொருள்தருஞ் சொல்லை இரண்டு 'எல்' இட்டு எழுதியவர், 'இறக்கவழி' எனப் பொருள்தருஞ் சொல்லை ஒரே 'எல்' இட்டு எழுதினார். 'மூவபிள்' (அசையத்தக்கது) என்பதில் 'ஈ' வைத்தவர், அதன் எதிர்மறையில் அதனை நீக்கினார். தம் நூலில் இத்தகைய முரண்கள் சில உண்டென்பதை முன்னுரையில் அவரே கூறி, வழக்கிற்குப் பணிந்ததாகச் சமாதானமுஞ் சொல்கின்றார். இசையைக் குறிக்கும் 'மியூசிக்' என்பதன் ஈற்றில் அவர் 'கே' என்னும் எழுத்தையுஞ் சேர்த்தார். 'எரர்' (தவறு), 'கவர்னர்' (ஆளுநர்) என்பவற்றை 'யூ' சேர்த்தே எழுதினார். அந்தக் 'கே' இங்கிலாந்தில் இன்று இல்லை; இவ்விரு சொற்களிலும் 'யூ' இல்லை. 'ஒனர்' (மானம்), 'கலர்' என்பவற்றில் மட்டும் அது எஞ்சியுள்ளது. எனவே, 'யூ' என்னும் எழுத்தை நீக்கியது அமெரிக்கர் செய்த குற்றமென்பார், ஆங்கிலேயரும் அவ்வழியிற் பாதிதூரம் நடந்துள்ளனர் என்பதை மறக்கலாகாது. 1623இல் அச்சேறிய சேக்ஸ்பியரின் நாடகத் தொகுதியிலேயே 'ஒனர்' என்பது இருவகையாகவுங் காணப்படுகின்றது.

அமெரிக்க வழக்கிற்கு நிலைபேறு அளித்தவர் நோவா வெப்ஸ்ரர். 1758இல் கொனெக்றிக்கற்றிற் பிறந்த இவர், 1783இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டற் பாடநூல் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. அந்நூலில் 'ஒனர்' என்பது 'யூ' உடனேயே இருந்தமை குறிப்பிடத்தக்கது. 1789இல் பெஞ்சமின் பிராங்கிளினுக்கு உரிமையாக்கி வெளியிட்ட நூலிலேதான் சீர்திருத்தக்காரராகத் தோன்றுகின்றார். ரொட்டியைக் குறிக்கும் 'பிறெட்' என்பதில் 'ஏ' எதற்கு, நண்பனைக் குறிக்கும் 'பிறெண்ட்' என்பதில் 'ஐ' எதற்கு என வினவினார். எழுத்து வேறுபடின் அமெரிக்கருக்கான நூல்களை அமெரிக்காவிலேயே அச்சிட நேரும் என்று அவர் கூறிய காரணத்தில், தேசாபிமானத்தோடு வணிக நோக்கும் கலந்திருக்கக் காண்கின்றோம்.

எழுபதினாயிரஞ் சொற்கள் கொண்ட அவரது பேரகராதி 1828இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது. அவர் விரும்பியவற்றுள் நிலைத்தவை எவை? 'கலர்' என்பதில் 'யூ' நீங்கியது. 'சென்ரர்' (நடு) என்பதன் ஈறு 'ஈ, ஆர்' ஆயிற்று. 'டிபென்ஸ்' (பாதுகாப்பு) என்பதில் 'சீ' போய் 'எஸ்' வந்தது. இவை யாவும் சிறு மாற்றங்கள். சில முன்னரே எழுத்தாளர் கையில் உலவியவை. ரொட்டியும் நண்பனும் பழைய கோலத்திலேயே நிற்கின்றன. நிலைத்தவற்றிலும் விதி முழுமை பெறவில்லை. 'ஏக்கர்' என்னும் நில அளவை அமெரிக்கரும் 'ஆர், ஈ' என்றே முடிக்கின்றனர். மாற்றின் 'சீ' சகர ஒலி பெற்றுவிடுமன்றோ. ஜோன்சன் வழக்கின்பாற் சாய்ந்து ஒழுங்கை இழந்தார். வெப்ஸ்ரர் ஒழுங்கை நாடி வழக்கிடம் தோற்றார். இருவருள்ளும் வெப்ஸ்ரரையே யாம் துணிவு மிக்கவராக மதிக்கின்றோம். ஆனால் அவரது வெற்றி, பெரும்பாலும் மக்கள் முன்பே பாதி ஒப்பியிருந்தவற்றைப் பதிவு செய்த வெற்றியே.

இதற்கு அரசியற் சான்றும் உண்டு. 1906இல் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற், முந்நூறு சொற்களைச் சுருக்கமாக அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்திற்கு ஆணையிட்டார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அவ்வாண்டு முடியுமுன் பிரதிநிதிகள் சபை அதனை நிராகரித்தது. சிக்காக்கோ றிபியூன் என்னும் நாளிதழ் 1934இல் தொடங்கிய எளிய எழுத்துக்கூட்டலை 1975இற் கைவிட்டது.

நம்மவர் கொண்டுள்ள தவறான எண்ணமொன்றை இங்கு எடுத்துக்காட்டல் தகும். 'ஓகனைஸ்' (ஒழுங்கமைத்தல்) போன்ற வினைகளின் ஈற்றில் 'இசெட்' இடுவது அமெரிக்கக் கொச்சையென்றும் 'எஸ்' இடுவதே ஆங்கிலத் தூய்மையென்றும் பலர் கருதுகின்றனர். ஒக்ஸ்போட் பேரகராதியோ, ஈறு கிரேக்கத்தினின்று வந்தமையால், 'இசெட்' என்பதையே முதன்மையாகக் கொள்கின்றது. அதன்பொருட்டு எல்லாவற்றிலும் அதனை இட்டுவிடலாகாது. 'அட்வடைஸ்' (விளம்பரஞ் செய்தல்) அவ்வீறு பெற்றதன்று. இரு நாட்டினரும் அதனை 'எஸ்' இட்டே எழுதுவர். அலுமினியத்தின் வரலாறும் இத்தகையதே. அச்சொல்லில் ஓர் 'ஐ' குறைத்து எழுதும் அமெரிக்க வடிவத்தை 1812இல் தம் நூலில் ஆண்டவர் ஆங்கிலேயரான ஹம்பிரி டேவி. சோடியம், பொற்றாசியம் என்பவற்றோடு ஒத்திசைக்க வேண்டி 'ஐ' சேர்த்த வடிவமே பின்னர் இங்கிலாந்தில் நிலைத்தது. கந்தகத்தின் பெயரைப் 'பீ, எச்' நீக்கி 'எவ்' இட்டு எழுதுமாறு உலக இரசாயனவியலார் சங்கம் 1990இல் விதித்தது. ஆதலின் இரசாயனப் பாடத்தில் அவ்வாறு எழுதும் மாணவனைத் திருத்தும் ஆசிரியரே திருந்தவேண்டியவராவர்.

நம் பாடசாலைகளில் பிரித்தானிய வழக்கே பயிலப்படுகின்றது. அதனை மாற்றுமாறு யாம் கூறவில்லை. ஆனால் இன்றைய மாணவன் எழுதுவது தாளில் மட்டுமன்று. அமெரிக்க வழக்கிற்கு அமைத்த கணினி, 'கலர்' என்பதில் அவன் முறையாக இட்ட 'யூ' என்னும் எழுத்தின் கீழ்ச் சிவப்புக் கோடிடுகின்றது. அதற்கஞ்சி நீக்கினால் ஆசிரியர் கோடிடுகின்றார். இருபுறமும் அடிபடும் மத்தளம் போன்றவன் அவன். அவனுக்கு வேண்டுவது இரு வழக்குகளையும் பெயர் சொல்லி அறிமுகஞ்செய்யும் ஆசிரியரே. ஒரே கட்டுரையில் இரண்டையுங் கலப்பானாயின், ஒருமைப்பாடின்மை எனக் குறித்து ஒருமுறை புள்ளி குறைக்கலாம். பொருள் மாறும் இடத்தில் விட்டுக்கொடுக்கலாகாது. பிரித்தானிய வழக்கில் 'லைசென்ஸ்' என்பது பெயராயின் 'சீ', வினையாயின் 'எஸ்'. 'பிறக்றிஸ்' என்பதற்கும் அவ்விதியே. அமெரிக்கர் முன்னதில் என்றும் 'எஸ்', பின்னதில் என்றும் 'சீ' எழுதுவர். பிரித்தானிய வழக்கைக் கொண்டெழுதும் மாணவன் பெயருக்கும் வினைக்கும் எழுத்தை மாறவைப்பின் அது இலக்கண வழுவாம்.

நாட்டெல்லையும் எழுத்தெல்லையும் ஒன்றாமென எண்ணுவார்க்குச் சிறப்புப் பெயர்களே மறுமொழி. கனடியர் 'கலர்' என்பதில் 'யூ' இடுவர். வண்டியின் 'ரயர்' என்பதிலோ அமெரிக்கரைப் பின்பற்றி 'ஐ' எழுதுவர். சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில், தொழிலைக் குறிக்குஞ் சொல்லில் 'யூ' உண்டு. அடுத்து வரும் நிறுவனம் என்னுஞ் சொல்லில் 'இசெட்' உண்டு. அவுஸ்திரேலியத் தொழிற்கட்சி 1912இல் தன் பெயரிலிருந்து 'யூ' என்பதை விலக்கிற்று. அந்நாட்டார் தொழிலைப் பொதுவாகக் குறிக்கும்போது அதனை விலக்குவதில்லை. ஆதலின் அங்கு வெளியாகுஞ் செய்தித்தாளொன்றில், ஒரே வாக்கியத்தினுள் அச்சொல் இருவகையாக நிற்பதைக் காணலாம், அவ்விரண்டுஞ் சரியே.