டேர், டீ, டாஸ்: மனப்பாடம் எதுவரை?

பெங்களூர் வைட்ஃபீல்டில் எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மென்பொருளோடு மாரடிக்கும் தமிழர், ஜெர்மன் வகுப்பில் சேர்வதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஜெர்மன் சொற்களைத் தட்டிக்கொண்டிருப்பார். கம்பெனி கோடுக்கு ‘புக்ரஸ்’, சரக்கின் எண்ணுக்கு ‘மாட்நர்’, ஆலைக்கு ‘வெர்க்ஸ்’ என்று அந்த மென்பொருளின் ஃபீல்டுப் பெயர்கள் பலவும் ஜெர்மன் சொற்களின் சுருக்கங்களே. விரித்தால் பூஹுங்ஸ்க்ரைஸ், மட்டேரியால்நும்மர், வேர்க். முதலாவது ஆண்பால், இரண்டாவது பெண்பால், மூன்றாவது இரண்டிலும் சேராத நடுப்பால் என்பது வகுப்புக்குப் போன பிறகுதான் தெரியவரும். அவற்றின் முன்னால் முறையே டேர், டீ, டாஸ் என்ற சுட்டை வைக்க வேண்டும். (டீ என்பது இங்கே தேநீர் அல்ல.)

எஸ்.ஏ.பி. லேப்ஸ், மெர்சிடிஸ் பென்ஸ் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஜெர்மன் நிறுவனங்கள் இருக்கும் பகுதி இது. ஜெர்மனிக்கே போக நினைப்பவர்களுக்குக் காரணங்களும் கூடிவிட்டன. இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மனி அறிவித்தது. புளூ கார்டு என்ற வேலை அனுமதியில் போனவர் ஏ1 என்ற தொடக்கநிலை மொழியறிவு இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். இடைநிலையான பி1 இருந்தால் 21 மாதமே போதும். வைட்ஃபீல்டில் பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் இந்திராநகர், அங்கே சி.எம்.எச். ரோட்டில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன், அதாவது கெதே நிறுவனத்தின் கிளை.

எந்த வகுப்பிலும் முதல் வாரம் கிடைக்கும் கட்டளை ஒன்றுதான்: பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதே, சுட்டோடு சேர்த்துப் படி. கூடவே வண்ணப் பேனா வரும். பெரும்பாலும் டேர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை. பிறகு நோட்டில் பட்டியல், சுவரில் ஒட்டுத்தாள், கைபேசியில் அட்டைகள்.

இந்த முறையைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் அடிப்படை சரியானது. சுட்டு சொல்லின் ஒட்டு அல்ல, உறுப்பு. டாஸ் ஷ்டொயர் என்றால் ஸ்டீயரிங், டீ ஷ்டொயர் என்றால் வரி. கார் வடிவமைப்பவருக்கு ஒன்று வேண்டும், கணக்கு மென்பொருள் எழுதுபவருக்கு மற்றது. டேர் ஸே ஏரி, டீ ஸே கடல். பால் தெரியாமல் ஐந்நூறு சொல் சேர்த்தவர், பிறகு அந்த ஐந்நூற்றையும் முதலிலிருந்து புரட்ட வேண்டியிருக்கும். கெதே நிறுவனத்தின் ஏ1 பட்டியலில் சுமார் 650 சொற்கள், பி1-ல் சுமார் 2,400. ஆரம்பத்தில் சோம்பினால் கடன் எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சத்தம் போட்டு ஒப்பிக்கும் பழக்கத்தில் வளர்ந்த தமிழ் மாணவருக்கு இந்த முறை கைவந்த கலை என்பதும் உண்மை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பட்டியலில் மனப்பாடம் செய்வது எழுவாய் வடிவத்தை மட்டுமே. வாக்கியத்தில் சுட்டு வேற்றுமைக்கேற்ப மாறும். நான்கு வேற்றுமை, மூன்று பால், பன்மை என்று பதினாறு கட்டங்கள். அவற்றை நிரப்ப மொழியிடம் இருப்பவை ஆறே வடிவங்கள். ஆகவே ஒரே வடிவம் பல வேலை பார்க்கிறது. க்ளவுட் பெண்பால், நோட்டில் சிவப்பு மையில் ‘டீ க்ளவுட்’ என்று எழுதியாயிற்று. பில் க்ளவுடில் இருக்கிறது என்று மியூனிக்கிலிருந்து பேசுபவர் சொல்லும்போது காதில் விழுவதோ ‘இன் டேர் க்ளவுட்’. நீலத்துக்குரிய டேர் சிவப்புச் சொல்லின் முன்னால் வந்து நிற்கிறது! மாணவர் திகைப்பதில் வியப்பென்ன? வண்ணம் கண்ணுக்குத்தான் உதவுகிறது, வேகமாகப் பேசும் வாய்க்கு உதவுவதில்லை. அதிலும் பேச்சு ஜெர்மனில் ‘அவுஃப் டேம்’ என்பது ‘அவுஃப்ம்’ என்று தேய்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை, “லாஜிக்கே கிடையாது, மனப்பாடம்தான் வழி” என்று முதல் நாளே மாணவரை மிரட்டுவது. மார்க் ட்வைன் 1880-ல் இதே புலம்பலை நகைச்சுவையாக எழுதினார். டர்னிப் கிழங்குக்குப் பெண்பால், இளம்பெண்ணுக்கு அதுகூட இல்லையே என்று கேட்டார். வேடிக்கை சரி, ஆனால் இளம்பெண்ணைக் குறிக்கும் மேட்ஷென் நடுப்பாலானதற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது: ‘ஷென்’ என்ற சிறுமை விகுதி எதில் ஒட்டினாலும் அது டாஸ்தான். குழந்தை ‘வந்தது’ என்று சொல்கிற நாம் இதற்கு அவ்வளவு அதிர்ச்சி காட்ட வேண்டியதில்லை. 1980-களில் கோப்கே, ஸூபின் என்ற இரு மொழியியலாளர்கள், ஓரசைச் சொற்களில்கூட ஒலிக்கும் பாலுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். ‘க்ன்’ என்று தொடங்கும் ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால். முழங்காலைக் குறிக்கும் க்னீ மட்டும் முரண்டு பிடித்து டாஸ் ஆகிறது.

வைட்ஃபீல்டுக்காரருக்கு அதிகம் பயன்படும் விதி இன்னும் எளிது. ‘உங்’ விகுதி பெற்றவை பெண்பால்: ரெஷ்னுங் (பில்), பெஷ்டெல்லுங் (ஆர்டர்), லீஃபெருங் (டெலிவரி), ஸாலுங் (கட்டணம்). அலுவலகச் சொற்கள் கூட்டம் கூட்டமாக இந்த ஒரே விகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஹைட், கைட், ஷாஃப்ட், ட்ஸியோன், டேட் விகுதிகளும் பெண்பால். கூட்டுச்சொல் எவ்வளவு நீண்டாலும் கடைசி உறுப்பின் பால்தான் முழுச்சொல்லுக்கும். க்ரைஸ் ஆண்பால் என்று தெரிந்தால் பூஹுங்ஸ்க்ரைஸ் தானே டேர் ஆகிவிடும். இந்த விதிகளை முதல் மாதமே கொடுக்காமல், மாணவர் சொற்களை ஒவ்வொன்றாக உருப்போட்டு அலுத்த பிறகு இலக்கணக் குறிப்பாக நீட்டும் வழக்கம் எதற்கென்று புரியவில்லை.

தமிழருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. நம் திணையும் பாலும் பொருளை வைத்து அமைந்தவை. உயிரற்றது எதுவானாலும் ‘அது’. அதனால் சுட்டைச் சரியாகச் சொன்னவர்கூட அடுத்த வாக்கியத்தில் சறுக்குவார். ‘டேர் செர்வர்’ என்று ஒழுங்காகத் தொடங்கிவிட்டு, அதையே திரும்பக் குறிப்பிடும்போது, ஆண்பாலுக்குரிய ‘எர்’ வர வேண்டிய இடத்தில் ‘எஸ்’ என்பார். வண்ண அட்டை இந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. ஒரு சொல்லைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசவைத்தால்தான் அது வெளியே தெரியும்.

சுட்டுப் பிழையால் பேச்சு புரியாமல் போவது அரிது. தேர்விலும் நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேறிவிடலாம். இதைச் சொல்லாமல், டேரா டீயா என்ற பயத்தில் மாணவர் வாயே திறக்காதபடி திருத்திக்கொண்டிருப்பதும் கெட்ட பழக்கம்தான்.

ஆகவே சுட்டோடு சேர்த்துப் படிக்கும் வழக்கத்தை விட வேண்டாம். ‘டீ க்ளவுட்’ என்று ஒரு வரி எழுதினால், அடுத்த வரியில் ‘இன் டேர் க்ளவுட்’ என்றும் எழுதுங்கள். விகுதிகளுக்கு நோட்டின் முதல் பக்கத்தை ஒதுக்குங்கள். ஏ2-க்கு வந்ததும் வண்ணப் பேனாக்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.