இயற்கையின் ஓரவஞ்சனை

துப்பறியும் நாவலில் ரஸாயனம் நுழைந்தால் கதை பெரும்பாலும் செத்துப்போகும். டாரதி ஸேயர்ஸ், ராபர்ட் யூஸ்டஸுடன் சேர்ந்து 1930-ல் வெளியிட்ட ‘தி டாகுமெண்ட்ஸ் இன் தி கேஸ்’ அதற்கு விலக்கு. காளான் பிரியரான ஹாரிஸன், மஸ்கரீன் என்ற காளான் விஷத்தால் சாகிறார். தப்பான காளானைப் பறித்தாரா, யாராவது விஷமிட்டார்களா?

இடக்கை உறை வலக்கைக்குப் பொருந்தாதல்லவா? சில மூலக்கூறுகளுக்கும் அப்படி இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை வலப்புறம் திருப்பும்; மற்றது இடப்புறம். ஜீவராசிகள் பொதுவாக ஒன்றை மட்டுமே படைக்கும். சோதனைச்சாலையில் சாதாரணமாகச் செய்தால் இரண்டும் சரிபாதியாகும், ஒளி திரும்பாது. ஹாரிஸனைக் கொன்ற விஷம் ஒளியைத் திருப்பவில்லை. ஆகவே அது காட்டில் முளைத்ததல்ல.

இந்த விளக்கம் மிகவும் பிந்தி வருகிறது. வாசகன் தானே துப்புத் துலக்க வழியில்லை. அது குறைதான். ஆனாலும், இண்டர்மீடியட்டோடு ரஸாயனத்துக்கு முழுக்குப் போட்ட என்னையே அந்தப் பகுதி கட்டிப்போட்டது. பாதிரியார் வீட்டு விருந்தில், உயிர் எப்படித் தோன்றிற்று என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சே முண்டிங்கின் கையில், தன் நண்பனைத் தூக்குமேடைக்கு அனுப்பக்கூடிய ஆதாரமாகிவிடுகிறது. சொல்வதா, மறைப்பதா? கதை அங்கேதான் நாவலாகிறது.

1957-ல் மஸ்கரீனின் உருவம் துலங்கியபோது கதையின் அஸ்திவாரமும் உறுதியாயிற்று. இயற்கை ஓரவஞ்சனைக்காரி, கொலைகாரன் எடுத்த விஷமோ பாரபட்சமற்றது. அதனால்தான் அகப்பட்டான்.