ஆண்மை என்ற சொல்லும் ஆண்களின் மௌனமும்

பஸ் நிலையச் சுவர்களிலும் பத்திரிகை மூலைகளிலும் 'ஆண்மைக் குறைவு' என்ற விளம்பரத்தைக் காணாதவர் நம்மில் குறைவு. இதே சொல்லைத் திருவள்ளுவர் வேறு விதமாகக் கையாண்டார். பிறன் மனைவியை நோக்காதிருப்பதைப் 'பேராண்மை' என்றார் (குறள் 148). பிறந்த குடியின் பொறுப்பை ஏற்று நடத்துவதை 'நல்லாண்மை' என்றார் (குறள் 1026). ஒன்று தன்னை ஆளுதல், மற்றது குடும்பத்தை ஆளுதல். இரண்டுமே உடம்பின் ஓர் உறுப்பைப் பற்றியவையல்ல. உயர்தர வகுப்பில் இவற்றைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். ஆனால் ஒரு சொல்லின் பொருள் சுருங்கினால் உயிருக்கே ஆபத்து வரும் என்பதைப் பிந்தித்தான் உணர்ந்தேன்.

எங்கள் றக்வானப் பக்கத்தில் எனக்கு நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கி உழைத்தவர். இரவில் நாலைந்து தடவை எழும்புவார். "வயசு போனா அப்படித்தான் மகன்" என்பார். முதுகு நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டார். கடைசியில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. "ஏன் மாமா முந்தியே சொல்லல்ல?" என்று கேட்டேன். "ஆம்பிள ஒருத்தன் இதப் போய் யாருட்ட சொல்லுற?" என்றார்.

புரொஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சுற்றியுள்ள சிறு சுரப்பி. வயதோடு அது பருப்பது பெரும்பாலும் புற்றுநோயல்ல. எது எதுவென்று வைத்தியரே சொல்ல வேண்டும். ஆரம்பப் புற்றுநோய் அறிகுறி எதையும் காட்டாமலும் இருக்கலாம். ஆண் ஓமோன் இந்நோய்க்குத் தீனியாகிறது என்பதைச் சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941 இல் காட்டினார். 1966 இல் நோபல் பரிசு பெற்றார். பரவிய நோய்க்கான சிகிச்சை அந்த ஓமோனையே அடக்குகிறது. இச்சை குறையலாம், மார்பு வீங்கலாம். சத்திரசிகிச்சை செய்தால் சிறுநீர் கசியலாம். சுவர் விளம்பரத்தின் அகராதியை நம்பியவருக்கு நோயைவிட மருந்தே பயங்கரமாகத் தெரிகிறது.

நோயுற்ற ஆணை இலக்கியம் எப்படிக் காட்டுகிறது? பிலிப் ரோத் 2007 இல் வெளியிட்ட 'எக்ஸிட் கோஸ்ட்' நாவலின் நாயகன் ஸக்கர்மன், புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசிவோடு வாழும் எழுத்தாளன். ரோத் எதையும் மறைக்கவில்லை. அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் ஸக்கர்மன் தன்னை அளக்கும் கோல் பழையதுதான்: இழந்த இச்சை. மௌனம் கலைந்தது, அளவுகோல் மாறவில்லை.

மாற்று அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியின் கல்வி பற்றிய பகுதியில், வெட்கப்பட்டு மற்றொருவரைக் கொண்டு கேட்பித்தவர் பற்றி ஒரு பாடம் உண்டு. அலி (ரலி) அவர்களுக்கு 'மதீ' எனும் இச்சைநீர் அதிகம் வெளிப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் மருமகன் என்பதால் நேரில் கேட்க வெட்கம். மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டார்கள். கழுவி வுழூச் செய்தால் போதும் என்று பதில் கிடைத்தது. மதீ ஒரு நோயல்ல. ஆனால் அந்த வெட்கம் நம் பெரியவரின் வெட்கம்தான். கைபரை வென்றவருக்கும் அது இருந்தது. அவர்கள் வெட்கத்தை மறுக்கவில்லை, அதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார்கள். இமாம் புகாரி அதைக் கல்வியின் கீழ் வைத்தார்கள். நமது படைப்போர்ப் புலவர்களோ வாளேந்திய அலியையே விரித்துப் பாடினர். கேள்வி கேட்ட அலி ஹதீஸ் வகுப்போடு நின்றுவிட்டார்.

இந்தக் குறை ஏட்டோடு நிற்பதில்லை. சிறுநீர் கசியத் தொடங்கியதும் அந்தப் பெரியவர் ஜும்ஆவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். "மனுசனுக்குப் பேணுதல் கொறஞ்சி போச்சு" என்று பேசியவர்களும் உண்டு. தொடர்ந்து சிறுநீர் கசிபவர் தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ழுக்கும் வுழூச் செய்து, தாமதியாமல் தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் பழைய சட்டம். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கெல்லாம் தெரியும். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் மௌத்தாகிவிட்டார். மிம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சஞ்சிகையில் ஒரு கதை, வீட்டில் வாப்பாவிடம் மகன் கேட்கும் ஒரு கேள்வி. நேரில் கேட்க வெட்கமென்றால் ஒரு மிக்தாதையாவது அனுப்புவோம்.