முன்தீர்ப்புகளைக் கொண்டு வாதிடும் நிரல்கள்

பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிப் புதிய வழக்கை வாதிடும் முறையைக் கணினியில் அமைக்க முயன்றவற்றுள் முன்னோடியானது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வினா ரிஸ்லாண்டின் வழிகாட்டுதலில் கெவின் ஆஷ்லி 1980களில் உருவாக்கிய ‘ஹைப்போ’ என்னும் நிரலாகும். வணிக இரகசியத்தைப் பிறர் முறைகேடாகக் கைக்கொண்டதாகத் தொடுக்கப்படும் வழக்குகளை மட்டுமே எடுத்துக்கொண்ட அது, வாதிக்கோ பிரதிவாதிக்கோ வலுச்சேர்க்கும் ‘பரிமாணங்கள்’ என்னும் கூறுகளாக அவ்வழக்குகளைப் பகுத்தது.

சான்றாக, இரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்ததால் வாதி வென்ற பழைய வழக்கொன்றை நிரல் முதலில் எடுத்துக்காட்டும். இப்போதைய வாதி அந்த இரகசியத்தை வெளியாரிடமும் சொல்லியிருக்கிறார் என்ற வேறுபாட்டைப் பிரதிவாதியின் சார்பில் அதுவே சுட்டி, எதிரான தீர்ப்பையும் முன்வைக்கும். அதன்பின் வாதியின் மறுமொழியையும் வகுத்துத் தரும். முடிவை மட்டும் அறிவித்துக் காரணத்தை மறைக்காமல், இரு தரப்பு வாதங்களையும் வெளிப்படையாக வைப்பதே இம்முறையின் தலையாய சிறப்பு.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் அலெவென் சட்ட மாணவர்களுக்காக உருவாக்கிய ‘கேட்டோ’, பரிமாணங்களுக்குப் பதிலாக, கூறு உண்டா இல்லையா என்று மட்டுமே பார்க்கும் ‘காரணிகளை’ மேற்கொண்டது. கற்பிப்பதற்கு இது எளிது; ஆயினும் இரகசியத்தை ஐந்து பேரிடம் சொன்னவரும் ஐந்நூறு பேரிடம் சொன்னவரும் இதில் ஒன்றாகிவிடுகின்றனர். அதைவிடப் பெரிய குறை, தீர்ப்பைப் படித்து எந்த உண்மை எந்தக் காரணியில் அடங்கும் எனக் குறிக்கும் வேலையை, அதாவது வழக்கறிஞர் திறமையின் பெரும்பகுதியை, மனிதரே முன்கூட்டிச் செய்துவிடுவதாகும்.

இத்தகைய நிரல்கள் சட்டத்தின் நோக்கத்தைக் காண்பதில்லை என்று டொனால்ட் பெர்மனும் கரோல் ஹாஃப்னரும் 1993இல் சுட்டிக்காட்டினர். நியூயார்க்கில் 1805இல் தீர்க்கப்பட்ட பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கில், நாய்களுடன் நரியைத் துரத்தி வந்தவர் ஒருவர், இடையில் புகுந்து அதைக் கொன்று எடுத்துச் சென்றவர் மற்றொருவர். துரத்தியது மட்டுமே உடைமையாகாது எனப் பெரும்பான்மையினர் கூறியதற்குச் சட்டத்தில் தெளிவு வேண்டும் என்பதும், நீதிபதி லிவிங்ஸ்டன் மாறுபட்டதற்குத் தீங்கு செய்யும் நரிகளை வேட்டையாடுவோரை ஊக்குவிக்க வேண்டும் என்பதும் காரணங்களாயின. காரணிகளை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் இப்பிணக்கு விளங்காது.

பின்னர் ட்ரெவர் பெஞ்ச்-கேப்பனும் ஜோவன்னி சார்ட்டரும் காரணிகளோடு அவற்றின் பின்னுள்ள நோக்கங்களை, அதாவது விழுமியங்களை, இணைத்து, அவற்றின் முதன்மை வரிசையைப் பழைய தீர்ப்புகளிலிருந்தே வருவித்தனர். இது உண்மையான முன்னேற்றமே; எனினும், இவ்வாய்வில் திரும்பத் திரும்ப வரும், பியர்சன் வழக்கு உள்ளிட்ட காட்டுவிலங்கு வழக்குகள் மூன்றே என்பதால், அவற்றிலிருந்து பெறும் வரிசை நான்காவது வழக்கைக் கட்டுப்படுத்தும் என்று கொள்வதற்கு இடமில்லை.